வினாடி முதலில், வினா அப்புறம்

சென்ற மாதம் பரணைச் சுத்தம் செய்ய ஆள் வைத்தோம். பித்தளை அண்டா, கால் உடைந்த தொட்டில், கட்டுக்கட்டாகப் பழைய மின்கட்டண அட்டைகள், இவற்றோடு ஒரு பிளைவுட் பெட்டியும் இறங்கியது. மேலே நான்கு பல்பு. கீழே 1, 2, 3, 4 என்று என் கையாலேயே பெயிண்டில் எழுதிய எண்கள். பின்பக்கம் எலி கடித்த ஒயர்கள்.

"இது என்ன ஸார், பழைய ரேடியோவா?" என்றான் வேலைக்கு வந்த பையன்.

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து பதில் வந்தது. "அது அவரோட பஸ்ஸர் பெட்டிப்பா. எடைக்குப் போட விடமாட்டார்."

விடவில்லைதான். துடைத்துத் திண்ணையில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தப் பஸ்ஸர் என்ற சின்னப் பொத்தானுக்கு இருக்கும் பெரிய சரித்திரத்தை எழுதலாம் என்று தோன்றியது. நடுவில் என் கதையும் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

க்விஸ் என்பதற்கு வினாடி வினா என்று தமிழில் பெயர் வைத்தவர் யாரோ, கெட்டிக்காரர். பெயரிலேயே வினாடி முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது, வினா அதற்குப் பின்னால்தான். பஸ்ஸர் வந்த இடத்திலெல்லாம் நடந்ததும் அதுவே.

1986-ல் நான் கும்பகோணத்தில் டெலிபோன் இலாகாவில் டெக்னீஷியன். அதற்கு முந்தைய வருஷம்தான் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசுவின் 'க்விஸ் டைம்' ஆரம்பித்திருந்தது. டிவி இருந்த வீடுகளில் அதற்கு ஒரு கூட்டம் உட்காரும். எங்கள் தெருவில் குடியிருந்த பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஒரு நாள் சாயங்காலம் வந்தார். "பள்ளிக்கூடங்களுக்கு நடுவுல வினாடி வினா வைக்கிறோம். கையைத் தூக்கச் சொன்னா யார் முதல்ல தூக்கினாங்கன்னு சண்டை வருது. விளக்கு எரியற மாதிரி ஏதாவது செஞ்சு கொடுங்களேன்" என்றார்.

எனக்கு அது பெருமையாக இருந்தது. ரிலே என்பது எங்கள் தொழிலில் தாய்ப்பால் மாதிரி. நான்கு ரிலே, நான்கு காலிங்பெல் சுவிட்ச், நான்கு ஸ்கூட்டர் பல்பு, ஒரு பன்னிரண்டு வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். ஒரு மேஜையின் ரிலே இழுத்ததும் மற்ற மூன்றுக்கும் போகும் மின்சாரத்தை அது அறுத்துவிடும். தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். ரீசெட் அழுத்தும் வரை அந்த ஒரு விளக்குதான் எரியும். சென்னைக்குப் போனபோது ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரிலே வாங்கினேன். ஒரே மாதிரி மூன்றுதான் கிடைத்தன. நாலாவதைப் பழைய சாமான் கடையில் பிடித்தேன். கொஞ்சம் பெரிய காயில், அதே பன்னிரண்டு வோல்ட். போட்டேன், வேலை செய்தது.

போட்டி அன்று கடைசிச் சுற்றில் இரண்டு அணிகள் சமமாக நின்றன. இரண்டாம் மேஜையில் பையன்கள். நாலாம் மேஜையில் நீலத் தாவணி போட்ட இரண்டு பெண்கள். ஜெயிக்கிற அணி தஞ்சாவூரில் மாவட்டப் போட்டிக்குப் போகும். தலைமையாசிரியர் கேள்வியைப் படித்தார். "தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம் ஆனைமுடி. தமிழ்நாட்டின்..."

அவ்வளவுதான். இரண்டு மேஜையிலும் கை இறங்கியதை நான் பார்த்தேன். எரிந்தது இரண்டாம் விளக்கு. பையன் "தொட்டபெட்டா" என்றான். கைதட்டல்.

நாலாம் மேஜையில் இருந்த பெண் எழுந்து நின்றாள். "ஸார், நான்தான் முதல்ல அமுக்கினேன்." தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். மேடையின் ஓரத்தில் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் மைக்கே இல்லாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "மெஷின் பொய் சொல்லாதும்மா."

அவள் உட்கார்ந்துவிட்டாள். அதை இங்கே நிறுத்திவிட்டு அமெரிக்கா போகிறேன்.

2011 குளிர்காலத்தில் நியூஜெர்சியில் மகன் வீட்டில் இருந்தோம். வெளியே முழங்கால் வரை பனி. மத்தியானம் தூக்கம், சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியில் 'ஜெப்பர்டி'. மருமகள் விடாமல் பார்ப்பாள், நானும் உட்கார்ந்துவிடுவேன். அந்த நிகழ்ச்சி பிறந்த கதையே ஒரு மோசடியில் ஆரம்பிக்கிறது.

1950-களில் அமெரிக்க டிவியில் க்விஸ் நிகழ்ச்சிகள் கொடிகட்டிப் பறந்தன. 'ட்வென்டி ஒன்' என்று ஒன்று. போட்டியாளரைக் கண்ணாடிக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். சார்லஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியர் அதில் வாரக்கணக்கில் ஜெயித்து நாடறிந்த மனிதரானார். கடைசியில் பார்த்தால் தயாரிப்பாளர்களே பதில்களை முன்கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எப்போது நெற்றியைத் துடைக்க வேண்டும், எப்போது யோசிப்பது போல உதட்டைக் கடிக்க வேண்டும் என்பது வரைக்கும் ஒத்திகை. 1959 நவம்பரில் வான் டோரன் நாடாளுமன்றக் குழுவின் முன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு டிவியில் க்விஸ் என்று சொல்லவே நிலையங்கள் பயந்தன.

அந்தச் சமயத்தில்தான் மெர்வ் கிரிஃபின் என்ற தயாரிப்பாளரும் அவர் மனைவி ஜூலனும் ஒரு விமானப் பயணத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். க்விஸ் நிகழ்ச்சிக்கு இனி யார் நேரம் தருவார்கள் என்று அவர் புலம்ப, "பதிலை நாமே பகிரங்கமாகக் கொடுத்துவிட்டால்? கேள்வியை அவர்கள் சொல்லட்டும்" என்றாராம் அந்த அம்மாள். உதாரணமும் உடனே கொடுத்தார்: 5,280. அதற்குரிய கேள்வி, ஒரு மைலுக்கு எத்தனை அடி? விமானம் இறங்குவதற்குள் நிகழ்ச்சி பிறந்துவிட்டது. 1964 மார்ச் 30 அன்று ஜெப்பர்டி ஒளிபரப்பானது. (வீட்டு அம்மாள் சொன்னதைக் கேட்டுக் கெட்டுப்போனவர் யாருமில்லை என்று இதைப் படித்துக் காட்டியதும் என் மனைவி சொன்னாள். பதிவு செய்துவிட்டேன்.)

மூன்று பேர் நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொத்தான். முதலில் அழுத்தியவருக்கு வாய்ப்பு. தப்பாகச் சொன்னால் அந்தத் தொகை கழியும். ஆரம்ப காலத்தில் பலகையில் வாசகம் தெரிந்த அடுத்த நொடியே அழுத்தலாம். நடத்துபவர் படித்து முடிக்கக் காத்திருக்க வேண்டாம். 1975-ல் நின்றுபோன நிகழ்ச்சி 1984-ல் அலெக்ஸ் ட்ரெபெக்கை வைத்து மறுபடி தினசரி நிகழ்ச்சியாக வந்தபோதும் முதல் வருஷம் அதே விதிதான்.

அதில் ஒரு சிக்கல். ட்ரெபெக் பாதி வாக்கியம் படித்துக்கொண்டிருக்கும்போதே 'கிர்ர்' என்று மணி அடிக்கும். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவன் யோசிப்பதற்குள் பதில் வந்துவிடும். டிவி க்விஸ் என்பது பாதி அங்கே நிற்பவர்களுக்கு, பாதி சோபாவில் உட்கார்ந்து கத்துகிறவர்களுக்கு. அந்தப் பாதி போய்விட்டால் நிகழ்ச்சி எதற்கு? பாய்ந்து அழுத்திவிட்டுப் பதில் தெரியாமல் பணத்தை இழந்து நிற்பவர்களும் அதிகம்.

அதனால் 1985-ல் விதியை மாற்றினார்கள். நடத்துபவர் கடைசி அசையைச் சொல்லி முடிக்கும் வரை பொத்தான்கள் செத்துக் கிடக்கும். முடித்ததும் கேமராவுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் ஒருவர் தன் பொத்தானை அழுத்திப் போட்டியாளர்களின் பொத்தான்களுக்கு உயிர் கொடுப்பார். பலகையின் ஓரங்களில் விளக்குகள் எரியும். அதற்குப் பிறகு அழுத்தினால்தான் கணக்கு. அவசரப்பட்டு முன்னால் அழுத்தினால் அந்தப் பொத்தான் கால் வினாடி பூட்டிக்கொள்ளும்.

கால் வினாடிதானே என்று நினைப்போம். அதுதான் எல்லாமே! அங்கே நிற்கிறவர்கள் கடுமையான தேர்வு எழுதி வடிகட்டப்பட்டு வந்தவர்கள். நடத்துபவர் வாயால் படித்து முடிப்பதற்கு முன்பே கண்ணால் படித்துவிடுவார்கள். பல கேள்விகளுக்கு மூன்று பேருக்குமே பதில் தெரியும். அறிவில் சமமாகிவிட்ட மூன்று பேரில் ஒருவரைப் பொறுக்குவது யார் தெரியுமா? கட்டைவிரல்.

இந்தக் கட்டைவிரலில் இரண்டு சம்பிரதாயம் வளர்ந்தது. ஒரு கட்சி விளக்கைப் பார்த்து அழுத்தும். ஆனால் கண் விளக்கைப் பார்த்து, மூளைக்குச் சொல்லி, மூளை விரலுக்குச் சொல்ல ஏறக்குறைய கால் வினாடி போல ஆகிவிடும். இன்னொரு கட்சி விளக்கைப் பார்ப்பதே இல்லை. நடத்துபவரின் குரலை மட்டும் கேட்கும். அவர் கடைசிச் சொல்லை எப்படி இறக்குகிறார், அதற்குப் பிறகு அந்த முகம் தெரியாத ஊழியர் எவ்வளவு தாமதிக்கிறார் என்ற தாளம் பிடிபட்டுவிட்டால் விளக்கு எரிகிற அதே கணத்தில் விரல் இறங்கும். கச்சேரியில் மிருதங்கக்காரர் பாடகரின் வாயைப் பார்த்துச் சமத்தில் வந்து விழுவதில்லையா, அது மாதிரி. பாடகர் முடித்த பிறகு கேட்டு அடித்தால் அது மிருதங்கம் இல்லை, எதிரொலி.

தவறினால் கால் வினாடி பூட்டு. ஆகவே இது சூதாட்டம்கூட. அழுத்தியது முன்னால் விழுந்துவிட்டதோ என்ற பயத்தில் நாலைந்து தரம் டக்டக்கென்று அழுத்துவார்கள். டிவியில் கவனித்தால் தோள் ஆடுவது தெரியும்.

முன்பு ஒருவர் தொடர்ந்து ஐந்து நாள்தான் ஜெயிக்கலாம் என்று வரம்பு இருந்தது. 2003-ல் அதை எடுத்தார்கள். அடுத்த வருஷமே கென் ஜென்னிங்ஸ் என்ற கம்ப்யூட்டர் புரோகிராமர் வந்து தொடர்ந்து 74 ஆட்டங்கள் ஜெயித்தார், இருபத்தைந்து லட்சம் டாலர். ஞானம் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் தினம் தினம் புதிதாக வந்து நிற்கும் இரண்டு பேருக்கு அந்தத் தாளம் புதிது, அவருக்கோ பழகிய தாளம். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவர் கை இன்னும் தேறிக்கொண்டே போனது. 2019-ல் ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர் என்று லாஸ் வேகாஸ் சூதாட்டக்காரர் ஒருவர் 32 ஆட்டம் ஜெயித்தார். அவர் வருவதற்கு முன் படித்த புத்தகங்களில் ஒன்று, ஃபிரிட்ஸ் ஹோல்ஸ்நேகல் என்ற முன்னாள் சாம்பியன் பஸ்ஸரை மட்டுமே வைத்து எழுதிய சிறு நூல். பொத்தானை அழுத்துவதற்கு ஒரு புத்தகம்! வீட்டில் டிவி முன்னால் நின்றுகொண்டு கிளிக் பேனாவை அழுத்திப் பழகுகிறவர்கள் அங்கே ஏராளம்.

கடலைத் தாண்டினால் விதி வேறு, ஆகவே ஆளும் வேறு. அமெரிக்காவிலேயே 1953-ல் ரேடியோவில் 'காலேஜ் பௌல்' என்று கல்லூரிகளுக்கான போட்டி தொடங்கியது. அதைப் பார்த்து இங்கிலாந்தில் கிரனாடா டிவி 1962 செப்டம்பரில் 'யுனிவர்சிட்டி சாலஞ்ச்' ஆரம்பித்தது. பாம்பர் கேஸ்காய்ன் நடத்தினார். அங்கே கேள்வியின் நடுவிலேயே அழுத்தலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். சரியான பதிலுக்கு 10 புள்ளி. குறுக்கே அழுத்தித் தப்பாகச் சொன்னால் 5 போகும். முழுக்கக் கேட்டுவிட்டுத் தப்பு சொன்னால் அபராதம் இல்லை. இந்த விதியின் அழகைப் பாருங்கள். நீ அவசரக்காரனாக இரு, ஆனால் அவசரத்துக்கு விலை உண்டு. ஜெப்பர்டி எல்லோரையும் கயிறு கட்டி நிறுத்தி ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடுகிறது. இங்கே அவரவர் கயிறு அவரவர் கையில். நடுக்கேள்வியில் துணிந்து அழுத்துகிறவனுக்குக் கொஞ்சம் ஞானமும் நிறைய நெஞ்சழுத்தமும் வேண்டும்.

ஆனாலும் என்னைக் கேட்டால் இந்தக் கலையில் சிகரம் ஜப்பான்தான்.

1977-ல் நிப்பான் டிவி 'அமெரிக்கா ஓதான் அல்ட்ரா க்விஸ்' என்று ஒன்றைத் தொடங்கியது. ஸ்டேடியம் நிறையக் கூட்டத்தைக் கூட்டி, சரியா தப்பா என்ற கேள்விகளில் வடிகட்டி, மிஞ்சியவர்களை அமெரிக்கா முழுக்க இழுத்துக்கொண்டு போய், ஊர் ஊராகத் தோற்றவர்களைத் திருப்பி அனுப்புவார்கள். போட்டியாளர் தலையில் ஒரு தொப்பி. பொத்தானை அழுத்தினால் தொப்பியின் உச்சியில் கேள்விக்குறி போட்ட தகடு டப்பென்று எழுந்து நிற்கும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கல்லூரிகளில் சங்கம் வைத்து, 'ஹயாஓஷி', அதாவது விரைந்து அழுத்துவது என்ற கலையைச் சாஸ்திரமாகவே ஆக்கிவிட்டார்கள்.

இதில் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'யார்', 'எது', 'எங்கே' முதலிலேயே வந்துவிடும். ஜப்பானிய மொழி நம் தமிழ் போல. கேள்விச் சொல் கடைசியில்தான் வரும். என்ன கேட்கப்போகிறார் என்பது வாக்கியம் முடியும் வரை மூடியே இருக்கும். அப்படியானால் நடுவில் எப்படி அழுத்துவது?

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு இடம் உண்டு என்கிறார்கள். அந்த அசையைத் தாண்டினால் பதில் ஒன்றே ஒன்றுதான், அதற்கு முன் பல. அதற்கு 'நிர்ணயப் புள்ளி' என்று பெயர். அந்தப் புள்ளி எங்கே வரும் என்று முன்கூட்டிக் கணிப்பதுதான் பயிற்சி. அவர்களுக்குப் பிடித்த ஒரு கேள்வி வகை: "ஜப்பானின் மிக உயரமான மலை ஃபூஜி. ஆனால், இரண்டாவது உயரமான மலை எது?" பதில் கிடாதாகே, 3,193 மீட்டர். தேர்ந்த ஆட்டக்காரர் 'ஆனால்' வரைக்கும் காத்திருப்பதில்லை. படிப்பவர் 'மிக' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாலே, அடுத்தது இரண்டாவது மலையைப் பற்றித்தான் என்று பிடித்துக்கொள்வார். 'ஜப்பானின்' என்பதை அழுத்தினால் உலகத்திலேயே உயரமானது கேட்கப்போகிறார்கள், எவரெஸ்ட் என்று சொல்லிவிடலாம். சொல்லில் இல்லாதது குரலில் இருக்கிறது.

இதைவிடத் தந்திரமானது ஒன்று. 'யோமாசே ஓஷி' என்பார்கள். படிக்க வைத்து அழுத்துவது என்று அர்த்தம். புள்ளி வருவதற்குக் கொஞ்சம் முன்பே அழுத்திவிடுவார்கள். படிப்பவருக்குச் சட்டென்று நிறுத்த முடியாது. வாய் ஏற்கெனவே அடுத்த அசைக்குத் திறந்துவிட்டிருக்கும். அந்த ஒன்றரை அசை தானாக வெளியே விழும். அதைப் பொறுக்கிக்கொண்டு பதில் சொல்வார்கள். அழுத்துகிறபோது பதில் தெரியாது, தெரிந்துவிடும் என்பது மட்டும் தெரியும்.

கும்பகோணத்து மேடையில் "தமிழ்நாட்டின்" என்ற சொல்லோடு நான்கு கைகளில் இரண்டு இறங்கியதே, அதுவும் இதுதான். 'எது' வரவில்லை, 'சிகரம்' என்ற சொல்கூட வரவில்லை. ஆனைமுடியை வாக்கியத்திலேயே கொடுத்துவிட்டதால் அடுத்தது தமிழ்நாட்டுச் சிகரம்தான் என்று அந்தப் பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நிர்ணயப் புள்ளியைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெருமை எனக்குப் புரிய இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆனது.

நம் நாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967-ல் கல்கத்தாவில் ஒரு தேவாலயக் கூடத்தில் நீல் ஓ'ப்ரையன் நடத்தியதுதான் இந்தியாவில் முதல் பொது க்விஸ் என்பார்கள். 1972-லிருந்து போர்ன்விட்டா க்விஸ். முதலில் ஹமீது சயானி, பிறகு அவர் தம்பி அமீன் சயானியின் குரலில் ரேடியோவில் கேட்டது நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. ஆனால் பொது மேடைக் க்விஸ்களில் நம்மவர்கள் பஸ்ஸரைப் பெரும்பாலும் மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். கேள்வி வரிசைப்படி ஒரு அணிக்குப் போகும், தெரியாவிட்டால் அடுத்த அணிக்கு. முன்பே தெரிந்த அணி தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம், தப்பானால் அபராதம். நீளமான கேள்வியைப் படித்து, தாடையைத் தடவி, பக்கத்தில் இருப்பவனோடு குசுகுசுத்து, மெல்லக் கண்டுபிடிக்கிற ஆட்டம். விரலுக்கு அங்கே வேலை இல்லை. எனக்கு அதில் ரொம்பத் திருப்தி.

மறுபடி நியூஜெர்சிக்கு. நாங்கள் அங்கே இருந்தபோதுதான், 2011 பிப்ரவரி 14, 15, 16 தேதிகளில், ஐபிஎம் கம்பெனி 'வாட்சன்' என்ற கம்ப்யூட்டரை ஜெப்பர்டியில் இறக்கியது. எதிரே கென் ஜென்னிங்ஸும் பிராட் ரட்டர் என்ற இன்னொரு ஜாம்பவானும். வீடே அல்லோலகல்லோலப்பட்டது. மகன்கூட ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டான்.

எல்லோரும் வாட்சனின் மூளையைப் பற்றிப் பேசினார்கள். எனக்குக் கண் அதன் விரலில். அதற்குக் காதும் இல்லை, கண்ணும் இல்லை. பலகையில் வாசகம் தெரியும் அதே நேரத்தில் எழுத்தாக அதற்கும் போகும். பொத்தானுக்கு உயிர் வந்ததும் விளக்கு எரிகிறதே, அது வாட்சனுக்கு மின்சைகையாக நேரே போகும். அழுத்துவதற்கு, மற்ற இருவரும் வைத்திருந்த அதே பொத்தானின் மேல் ஒரு சோலினாய்டு. சோலினாய்டு என்றால் வேறொன்றுமில்லை, கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இரும்புத்தண்டை இழுக்கும். என் ரிலேயின் ஒன்றுவிட்ட அண்ணன். மனிதர்களுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று நிகழ்ச்சிக்காரர்கள் கேட்டுத்தான் அந்த இரும்பு விரல் வைத்தார்கள்.

ஆனால் எங்கே சமம்? மனிதன் விளக்கைப் பார்த்து அழுத்தினால் கால் வினாடி. வாட்சனுக்கு அதில் ஒரு சின்னத் துணுக்கு. அதை வெல்ல ஒரே வழி, குரலின் தாளத்தை ஊகித்து விளக்கு எரியும் கணத்திலேயே விழுவது. தவறினால் பூட்டு. வாட்சன் பூட்டிக்கொள்ளாது, நடுங்காது, பதிலில் போதுமான நம்பிக்கை இல்லையென்றால் அழுத்தவே அழுத்தாது. ஜென்னிங்ஸின் கட்டைவிரல் துடிப்பதையும் விளக்கு வாட்சன் பக்கமே எரிவதையும் பார்த்தேன். 74 ஆட்டங்களை எந்தக் கலையால் வென்றாரோ, அந்தக் கலையில் அவரைவிடக் கைதேர்ந்தது ஒன்று பக்கத்தில் நின்றது. முடிவில் வாட்சன் 77,147 டாலர், ஜென்னிங்ஸ் 24,000, ரட்டர் 21,600.

ஒரு வேடிக்கை. ஜெப்பர்டியின் கடைசிக் கேள்விக்குப் பொத்தான் கிடையாது, மூவரும் எழுதிக் காட்ட வேண்டும். முதல் ஆட்டத்தின் கடைசிக் கேள்வி அமெரிக்க நகரங்கள் பற்றியது. மனிதர்கள் இருவரும் சிகாகோ என்று சரியாக எழுதினார்கள். வாட்சன் எழுதியது டொரன்டோ. கனடாவில் இருக்கிற ஊர்! மருமகள் கைதட்டிச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. என் நினைப்பு நாலாம் மேஜையில் இருந்தது.

1987-ல் அந்தத் தலைமையாசிரியர் மறுபடி பெட்டியைக் கேட்டார். கொடுக்கும் முன் சோதித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரே குமிழைத் தட்டினால் இரண்டு இணைப்பும் ஒன்றாக மூடுகிற சுவிட்ச் ஒன்று கையில் இருந்தது. அதில் இரண்டாம் மேஜை ஒயரையும் நாலாம் மேஜை ஒயரையும் சேர்த்துத் தட்டினேன். இரண்டாம் விளக்கு. மறுபடி தட்டினேன். இரண்டு. ஒயரை இடம் மாற்றிப் போட்டுத் தட்டினேன். இரண்டு. ஒன்றோடும் நாலோடும் சேர்த்தேன், ஒன்று எரிந்தது. மூன்றோடு சேர்த்தேன், மூன்று எரிந்தது. இருபது தரம் தட்டியிருப்பேன். நாலு ஒரு தரம்கூட எரியவில்லை.

பழைய சாமான் கடை ரிலே. பெரிய காயில், கனமான தகடு. மற்ற மூன்றும் இழுத்த பிறகுதான் அது இழுக்கும். இப்படிப்பட்ட ரிலே ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பத்து மில்லிசெகண்ட் வித்தியாசம் வருவது சர்வசாதாரணம். பத்து மில்லிசெகண்ட் என்றால் வினாடியில் நூற்றில் ஒரு பங்கு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா வெண்கலத்தை விட்டது அதே நூற்றில் ஒரு பங்கில்தான், 55.41-க்கும் 55.42-க்கும் நடுவில். ஊரே அழுதது, நானும்தான். அந்த நூற்றில் ஒரு பங்கை இரண்டு வருஷம் கழித்து என் கையாலேயே ஒரு பெண்ணின் மேஜைக்கு அடியில் கட்டி வைத்திருக்கிறேன்.

ரிலேயை மாற்றினேன். தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். "போனது போகட்டும் விடுங்க, அந்தப் பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டு எங்கேயோ போயாச்சு. இப்போ சொல்லி என்ன ஆகப்போகுது" என்றார். அந்த வருஷம் புது ரிலேயோடு போட்டி நடந்தது. யாரும் புகார் சொல்லவில்லை. நானும் வேறு யாரிடமும் சொல்லவில்லை. மாற்றி எடுத்த அந்தப் பழைய ரிலேயைப் பெட்டிக்குள்ளேயே ஒரு காகிதத்தில் சுற்றிப் போட்டு வைத்திருந்தேன். போன மாதம் திறந்தபோது அப்படியே இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். 1986-ல் கும்பகோணத்தில், நாலாம் மேஜையில், நீலத் தாவணி போட்டுக்கொண்டு தொட்டபெட்டா என்ற பதிலை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றவர் நீங்கள்தான் என்றால், அம்மா, நீங்கள் முதலில் அழுத்தினீர்களா என்று எனக்குத் தெரியாது. என் பெட்டிக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்த மாதிரி அன்று பேசியது நான்.